பச்சை பீரோவின் நடுத்தட்டு

உப்போடை ஊரில் இன்றைக்கும் யாராவது பிள்ளை பிறந்த நாளைச் சொன்னால், அது துணி நடந்த வருஷத்துக்கு முன்னாலயா பின்னாலயா என்றுதான் முதலில் கேட்பார்கள்; அந்த வருஷம் ஆடி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், ரேஷன் கடையில் எடை போடுகிற பிரமசக்தி தன் படுக்கையறைப் பீரோவை இரண்டு கதவும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்துக் கோபத்தைத் தட்டுத் தட்டாகக் கீழே இறக்கினாள்.

அந்தப் பீரோ அவளுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லாருக்கும் மறந்துபோன விஷயம் அது ஒன்றுதான். உப்பளத்தில் லாரி ஓட்டின அவள் அப்பா, வெல்டிங் பட்டறையில் தினமும் சாயங்காலம் போய் நின்று, தகடு கனமாக இருக்க வேண்டும், கதவு கிறீச்சிடக் கூடாது, நடுத்தட்டு என் மகள் கைக்கு வாகாக வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் செய்துவாங்கிய கிளிப்பச்சை பீரோ. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவளைச் சுவரோரம் நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நேராகக் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் சணல் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார் மனிதர். குனியவும் கூடாது, எக்கவும் கூடாது, தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டினாலும் சேலை அகப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த நடுத்தட்டில் பிரமசக்தியின் சேலை ஒருநாள்கூட இருந்ததில்லை. பீரோ வந்து இறங்கிய அன்றைக்கே மாமனார் தன் கரைவேட்டிகள் பன்னிரண்டை, நல்லது பொல்லதுக்குக் கட்டலாம் என்று மேல்தட்டில் வைத்தார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் சண்முகக்கனி, எங்க வீட்டில் எலி அட்டகாசம் என்று சொல்லித் தன் பட்டுச்சேலைகளையெல்லாம் நடுத்தட்டில் அடுக்கினாள். அது போதாமல், கொஞ்ச நாள் கழித்து வந்து, மஞ்சள் கயிற்றால் நாலு முடிச்சுப் போட்ட ஒரு துணி மூட்டையை அடித்தட்டில் திணித்தாள். கொழுந்தன் நெல்லையப்பன் தன் ரிசப்ஷன் கோட்டு சூட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டு உரக்கடைக்குப் போனவன்தான், மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. சாவி, புருஷன் ஆறுமுகநயினாரின் இடுப்பில். மாமனார் செத்தார், கோட்டு சிறுத்துப்போனது, எலிகூடப் பலமுறை செத்துப் பிறந்திருக்கும். வைத்தது வைத்தபடியே இருந்தது.

பிரமசக்தியின் தினப்படி சேலைகள் ஆறும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேரில் இருந்தன. காலையில் எழுந்தால், ஈரத் துண்டுக்கு அடியில் பாவாடை, பாவாடைக்கு அடியில் புருஷனின் லுங்கி, அதற்கும் அடியில் ஏதோ ஒரு ஜாக்கெட், அது அந்தச் சேலைக்குச் சேருமோ சேராதோ. வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், உட்கார நாற்காலி வேண்டுமே, உடனே ஆறுமுகநயினார், "ஏட்டி, அந்தச் சேரக் கொண்டா" என்பார்; அவள் துணிகளைக் கொத்தாக அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு சேரைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வந்தவர் போனபிறகு தூசியைத் தட்டி மறுபடி எடுத்து வைப்பாள். பத்தொன்பது வருஷமாக விருந்தாள் வரும்போதெல்லாம் அவளுடைய சேலைகள் கட்டிலுக்கு அடியில் போயின.

சனிக்கிழமை மத்தியானம் ஆறுமுகநயினார் சாப்பிட உட்கார்ந்தார். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் நேரம் பார்க்கிற வேலை அவருக்கு. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலவேதான் வீட்டிலும் எதையும் சொல்வார், மறுபேச்சுக்கு இடம் வைக்காமல்.

"அக்கா மவ அபிதா கல்யாணத்துக்கு பீரோவக் குடுத்துருதேன்னு சொல்லிட்டேன். தாய்மாமன் சீரு. ஒரு பெயிண்ட் அடிச்சா புதுசுதான். இப்ப எவன் இந்தத் தகட்டுல செய்யுதான்?"

ரசக் கரண்டி அப்படியே நின்றது. "எந்தப் பீரோவ?"

"வீட்டுல எத்தன பீரோ இருக்கு?"

"அது எங்கப்பா எனக்குச் செஞ்சது."

"ஆமா, பெரிய தேரு செஞ்சு குடுத்தாரு! அதுல உன் சேல ஒண்ணாவது இருக்கா? இல்லல்லா? உன் பொருளே உள்ள இல்லாத பீரோ உனக்கு எதுக்குங்கேன்?" என்று கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பொரியல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டார். "நாளைக்கு லீவுதான. காலி பண்ணி வையி."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. எடுத்துக்கொண்டதும் நீங்கள், இடம் இல்லாமல் செய்ததும் நீங்கள், இப்போது இடம் இல்லாததையே சாட்சியாகக் காட்டிப் பீரோவையும் கேட்கிறீர்களா என்று வாய்வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டுக் கிளம்பிப் போனதும் பீரோவைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாடை முகத்தில் அடித்தது. வேட்டி பன்னிரண்டையும் இறக்கினாள், பட்டுச்சேலை பதினான்கையும் இறக்கினாள், கோட்டை இறக்கினாள், கயிற்று மூட்டையைக் காலால் இழுத்தாள். எல்லாவற்றையும் முன்னறையில் ஆளுக்கு ஒரு குவியலாகப் போட்டாள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை, அடுத்தவள் முடிச்சைத் தொடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. போட்டுவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்று, தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்:

"வச்சவுக உடுத்தட்டும்! யாருது யாருதோ, அவுக அவுகளே சுமக்கட்டும். இனிமே ஒரு நூலச் சுமக்க மாட்டேன்!"

அப்புறம் ஈரத் துணியால் தட்டுகளைத் துடைத்து, பழைய தினசரித்தாளை விரித்து, நடுத்தட்டின் முன்னால் நின்று கையை மடக்கினாள். முழங்கை சரியாகத் தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அப்பா செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் அளவு தப்பவில்லை. அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் அடுக்கினாள். ஆறு சேலையும் நடுத்தட்டில். ஒவ்வொரு சேலைக்குள்ளும் அதற்குச் சேருகிற ஜாக்கெட்டையும் பாவாடையையும் வைத்து ஒன்றாக மடித்து, ஒன்றை இழுத்தால் மூன்றும் கையோடு வருகிறமாதிரி. துண்டு, கைக்குட்டை, சீப்புப் பை கீழ்த்தட்டில். வேலைக்குக் கொண்டுபோகிற கைப்பைக்குக் கொக்கி. புருஷனின் சட்டை வேட்டிகூட, போனால் போகிறது என்று, அதற்கும் கீழே. போர்வை எல்லாம் மேலே. காலையில் விளக்குப் போடாமலே எழுந்து கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

சாயங்காலம் வந்த ஆறுமுகநயினார் பார்த்தார். "காலி பண்ணச் சொன்னா ரொப்பி வச்சிருக்க?"

"பீரோ எனக்கு வேணும். தினமும் எடுத்துக் கட்டுததுக்கு."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை விடிந்தபோது முன்னறைக் குவியல்கள் இல்லை. அடுத்த தெருவில், வாசலில் கோலம் போடக் குனிந்த சண்முகக்கனி, தன்மேல் தன் கல்யாணத்து வாடாமல்லிப் பட்டு, ஏழு கொசுவமும் ஒழுங்காக வைத்து, பின் குத்தி, கட்டியிருப்பதைப் பார்த்தாள். உரக்கடை ஷட்டரைத் தூக்கப்போன நெல்லையப்பனுக்குக் கை பாதிக்கு மேல் உயரவில்லை, கோட்டு அக்குளில் பிடித்துக்கொண்டது. ஊருக்கு மேற்கே தோட்டத்தில் மாமனாரைப் புதைத்த மேட்டின்மேல் பன்னிரண்டு கரைவேட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்தன. அதைப் பார்த்த வாழைக்குலை வியாபாரி, பெரியவரு இனிமே மழையில நனைய மாட்டாரு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

பிரமசக்தியும் எழுந்தாள். எழுந்து பார்த்தால், அவள்மேல் ஒரு அரக்குப் பட்டு. முந்தியில் மாங்காய்க் கரை, ஓரத்தில் கல்யாணத்தன்று ஓமப் பொறி பட்டு விழுந்த மிளகளவு ஓட்டை. அவளுடைய முகூர்த்தப் பட்டு.

அந்தச் சேலையின் கதையைச் சொன்னால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். தலைத் தீபாவளி முடிந்த கையோடு, ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுத் தாரேன் என்று சண்முகக்கனி வாங்கிக்கொண்டு போனாள். போன இடத்தில் பஸ்ஸில் பை தொலைந்துவிட்டது என்று வந்து சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? ஓட்டை விழுந்த சேலைக்கு இவ்வளவு வருத்தமா என்று சபையில் கேட்டாள். பிரமசக்தியின் அம்மா சாகும்வரைக்கும், முகூர்த்தப் பட்டைத் தொலைத்தவள் என்று மகளைத்தான் திட்டினாள். அந்தச் சேலை இத்தனை வருஷமாக மஞ்சள் கயிற்று மூட்டைக்குள், அவளுடைய பீரோவுக்குள், அவள் தலைமாட்டுக்கு இரண்டு முழ தூரத்தில் இருந்திருக்கிறது. தினமும் அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

சண்முகக்கனி தெருவே அதிரக் கத்திக்கொண்டு வந்தாள். "ஏளா! என்னளா செஞ்சு வச்ச? அவுத்துப் பாக்கேன், இறங்க மாட்டேங்கு! குளிச்சா கூடவே குளிக்கு!"

வாசலைத் தாண்டினவள் அரக்குப் பட்டைப் பார்த்தாள். காலை ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள்.

"பஸ்ல தொலஞ்ச சேல வந்துட்டு மைனி" என்றாள் பிரமசக்தி. "எந்தப் பஸ்ஸுன்னுதான் தெரியல. உங்க தம்பிதான் பஸ்ஸுக்கு நேரம் பாக்காவ, அவுககிட்டயே கேளுங்க."

"அது... பொறவு கெடச்சுது. குடுக்கணும்னுதான்... மறந்துட்டேன்."

"பத்தொம்பது வருசமா மறந்தீயளா? நாலு முடிச்சுப் போட்டு மறந்தீயளா? எங்கம்மா என்னத் திட்டிக்கிட்டே செத்தா மைனி! நீங்க வந்து ஒப்பாரி வச்சீய!"

ஆறுமுகநயினார் குறுக்கே வந்தார். சேலைதானே, வந்துவிட்டதல்லவா, விடு என்றார். நேராகப் படுக்கையறைக்குப் போனார், அவள் அடுக்கியதையெல்லாம் அள்ளி சிவப்பு சேரில் போட்டார், வெறும் பீரோவைப் பூட்டினார், சாவியை முடிந்துகொண்டார். பயந்துபோய்ச் செய்தார் என்று பின்னால் சொன்னார்கள். பயந்தவன் எதற்கு அவளுடைய துணியை சேரில் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்காலம் முன்கூட்டியே வந்ததை எடுத்துக்கொள்வதுபோலத்தான். இரண்டு நாள் சண்முகக்கனி வீட்டு முன்னால் கூட்டம் நின்றது, மூன்றாம் நாள் அவள் பட்டுச்சேலையோடு குடிதண்ணீர் லைனில் நின்றால் யாரும் வழி விடவில்லை. துணியின் சட்டம் என்ன என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த சண்முகக்கனி, வாசலில் யாரோ கூப்பிட, நினைவில்லாமல் கையை முந்தியில் துடைத்தாள். துடைத்த அந்த நொடியே வாடாமல்லிப் பட்டு தோளிலிருந்து வழுக்கி, காலடியில் சாதாரணத் துணியாக விழுந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் கொடியில் காத்திருந்த இரண்டாவது பட்டு ஏறிக் கட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு இருந்தன. நெல்லையப்பனின் கோட்டு, யூரியா மூட்டை தூக்கும்போது அவன் அதைத் தோளுக்குச் சும்மாடாக நினைத்த அன்றைக்கு விட்டது. ஆக, நல்ல துணி என்கிற நினைப்பு மனதைவிட்டுப் போனால்தான் துணி உடம்பைவிட்டுப் போகும்.

நடந்தது பிரமசக்தியின் பீரோவிலிருந்து வந்த துணிகளுக்கு மட்டும்தான், ஆனாலும் ஊர் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று முந்திக்கொண்டது. எப்போதோ நல்ல நாளுக்கென்று பூட்டி வைத்ததையெல்லாம் எடுத்துக் கட்டினார்கள். பட்டுச்சேலையில் ஆடு மேய்த்தார்கள், சரிகை வேட்டியில் கிணறு தூர்வாரினார்கள், கொலுசு போட்டுக்கொண்டு செங்கல் சுமந்தார்கள். வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருந்த ஜாக்கெட் துணிகள், ஒருத்தி கொடுத்து இன்னொருத்தி வாங்கி அவள் வேறொருத்திக்குக் கொடுத்து ஒருநாளும் ஊசி பார்க்காதவை, ஒரே வாரத்தில் தையல்கார ஜெசிந்தாவின் மேஜையில் வந்து குவிந்தன. அவள் தைத்துத் தைத்து விரல் வீங்கி, நான் என்ன மிஷினா என்று எல்லாரையும் ஏசினாள். ஒரு தாய், ஆண்டு விழாவுக்குப் போடலாம் என்று மகளுக்கு எடுத்து வைத்திருந்த கவுனை வெளியே எடுத்தாள். பிள்ளைக்கு அது கழுத்திலேயே நின்றுவிட்டது, இடுப்புக்கு இறங்கவில்லை. அந்தத் தாய் அழுததை ஊர் நின்று பார்த்தது, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இன்னும் வேகமாகப் பெட்டியைத் திறந்தது.

ரேஷன் கடையில் பிரமசக்தி அரக்குப் பட்டோடு அரிசி போட்டாள். முதல் நாளே அதில் பாமாயில் சிந்தியது, துவரம்பருப்புத் தூசி படிந்தது, கோணிச் சணல் குத்தியது. அவள் அதை நல்ல சேலையாக நினைக்கவே இல்லை, அடுப்பங்கரையில் சூடு தாங்கக்கூட அதைத்தான் பிடித்தாள். ஆனாலும் அது இறங்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"எக்கா, மனசுல எங்கயோ ஆசை இருக்கு போல. அதான் விட மாட்டேங்கு."

"ஆசையா? இறக்கி வைக்க எடம் வேண்டாமா?" என்றாள் பிரமசக்தி. "சேர்லயா வைக்கச் சொல்லுத?"

வேறு சிலர் வேறு காரியமாக வந்தார்கள். செத்துப்போன தாயின் காஞ்சிபுரத்துக்கு அடித்துக்கொள்கிற அக்காள் தங்கை இருவர், அந்தச் சேலையோடு வந்து, உன் பீரோவில் ஒருநாள் வைத்து எடுத்து வெளியே போடு, யார்மேல் ஏறுதோ அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சினார்கள். வரப்புத் தகராறுக்காரர் ஒருவர் நிலப் பத்திரத்தையே கொண்டுவந்தார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏ, என் பீரோ என்ன கோர்ட்டா? அதுல என் சேலைய வைக்கவே எனக்கு வழியக் காணோம், நீங்க ஆளாளுக்கு வச்சுப் பாக்கணுமா? பூட்டிக் கெடக்கு, சாவி அவுக இடுப்புல இருக்கு, போயி அங்க கேளுங்க!"

ஆவணி பிறந்தது. அபிதாவின் கல்யாணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை. வாக்குக் கொடுத்துவிட்டேன், வாக்கை மீறினால் மீசை எதற்கு என்று ஆறுமுகநயினார் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர், துணி நடந்த கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள். பிரமசக்தி மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அன்றைக்குப் பச்சரிசி போடுகிற நாள், வரிசை அரசமரம் வரைக்கும் நின்றது. பதினொரு மணி இருக்கும். ஒரு குட்டி லாரி கடையின் முன்னால் வேகத்தடையில் ஏறி இறங்கிப் போனது, அதன் முதுகில் கயிறு கட்டிப் படுக்கப் போட்டிருந்தது பச்சை பீரோ. பீரோக் கதவின் கண்ணாடியில் வெயில் பட்டுக் கடைக்குள் ஒருமுறை அடித்துவிட்டுப் போனது. முன்சீட்டில் ஆறுமுகநயினார், புதுப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல்.

வரிசை லாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிரமசக்தி அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். அவள் ஓடவில்லை, கத்தவில்லை. அவள் வேலைக்குப் போகிற நாளாகப் பார்த்து, வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பிணத்தைப்போலப் படுக்கப் போட்டுக் கொண்டுபோகிறார்கள். அப்பா நின்று செய்த பொருள்.

"நாசமாப் போங்க" என்றாள், சத்தமாகவே. "எம்பொருளு எனக்குத்தான். அதுக்குக் கால் இருக்கு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு? பைய விரிச்சுப் பிடி" என்றாள்.

மண்டபத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னதுதான். பீரோவை இறக்கி மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மாலை போட்டு, சண்முகக்கனி தன் பதினோராவது பட்டோடு சந்தனப் பொட்டு வைக்கப் போன நேரம், பூட்டு டக்கென்று விட்டது, கதவு இரண்டும் ஒருமுறை விரிந்து மூடின, பீரோ வலது முன்காலை எடுத்து வைத்தது. கனமான பொருளை இரண்டு பேர் பிடித்து மூலை மூலையாக நகர்த்துவார்களே, அதேமாதிரி, பிடிக்கிற ஆள் மட்டும் இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மறிக்கப் போனார். காலில் விழப்போகிறது என்று தெரிந்ததும் விலகினார். லாரிக்காரன், இறக்கினதோடு என் பொறுப்பு முடிந்தது என்றான். கல்யாணப்பெண் அபிதாதான் எழுந்து போய் மண்டபத்தின் பெரிய கதவை விரியத் திறந்துவிட்டாள், "அத்தை பீரோ போவுது, வழி விடுங்க" என்று.

ஒரு மணிக்கு மேல் இருக்கும், ரேஷன் கடை வரிசையின் கடைசியில் பீரோ வந்து நின்றது. கழுத்து மாலையோடு, மூச்சு வாங்காமல், முன்னால் நின்ற கிழவிக்கு இடித்துவிடாமல் கொஞ்சம் தள்ளியே நின்றது. கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் குரல் கொடுத்தாள்: "ஏ பிரமு, உன் பீரோ வந்து லைன்ல நிக்கி!"

"நிக்கட்டும் பாட்டி. வரிசைப்படி வரட்டும்."

அவள் யாரையும் முந்தவிடவில்லை, பீரோவைக்கூட. பதினேழு பேருக்குப் போட்டு முடித்து, கடையைப் பூட்டி, வெளியே வந்தாள். பீரோ வீட்டுக்குப் போகவில்லை, அவள் இருக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குளிர்ந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வந்துட்டியா என்றாள்.

அரக்குப் பட்டில் அவள் முன்னால் நடக்க, மாலை போட்ட பீரோ பின்னால் நடந்தது. ரேஷன் பைகளோடு வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்த மேளக்காரர்கள் எதிரே வந்தார்கள். மணப்பெண் கோலத்தில் ஒருத்தியும் பின்னால் சீரும் வருவதைப் பார்த்து, யார் எவர் என்று கேட்காமல், தொழில் பழக்கத்தில் நாதஸ்வரத்தை எடுத்து வாசித்தார்கள். தெருக்காரர்கள் வாசல் திண்டில் ஏறி நின்று பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் இப்படி வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலையும் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்திலிருந்து பைக்கில் முந்தி வந்துவிட்ட ஆறுமுகநயினார் வாசலில் நின்றார். "ஏட்டி, மானத்த வாங்கிட்டியே. ஊரே பாக்கு."

"பாக்கட்டும். இன்னிக்காவது பாக்கட்டும்! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா? நான் இல்லாத நேரமாப் பாத்துத் தூக்கிட்டுப் போனீயளே, அப்ப மானம் எங்க போச்சு?" அவள் படியில் காலை வைத்தாள். "வழி விடுங்க. எனக்குப் பின்னால கனமான பொருளு வருது."

அவர் விலகினார். பீரோ நிலைப்படியில் தலையைச் சாய்த்து நுழைந்து, படுக்கையறைக்குப் போய், பழைய இடத்தில், தரையில் விழுந்திருந்த துருக்கறையின்மேல் நாலு காலையும் பொருத்தி நின்றது. அதன்பிறகு அது அசையவில்லை. கதவு தானாகத் திறந்திருந்தது.

பிரமசக்தி சிவப்பு சேரிலிருந்து தன் ஆறு சேலைகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் உதறி, ஜாக்கெட்டும் பாவாடையும் உள்ளே வைத்து மடித்து, நடுத்தட்டில் அடுக்கினாள். ஆறாவதை வைத்து நிமிர்ந்தபோது அரக்குப் பட்டு தோளிலிருந்து மெல்ல நழுவியது. அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, பாமாயில் கறையும் பருப்புத் தூசியுமாக இருந்த முகூர்த்தப் பட்டை எட்டாக மடித்து, ஆறு தினப்படி சேலைகளுக்கு நடுவில், அவற்றில் ஒன்றாக வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆறுமுகநயினார் அறைக்குள் வந்தார். புதுப் பட்டுச்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நாளைக்குக் கட்டாயம் போடணும். கசங்கப்படாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பீரோவைப் பார்த்தார். "பூட்டு கெட்டுப்போச்சோ?"

"பூட்டு எதுக்கு? தொறந்தேதான் கெடக்கு" என்றாள் பிரமசக்தி. "வைக்கணும்னா வைங்க. கைய நீட்டி ஒரு தடவ வச்சுத்தான் பாருங்களேன்."

அவர் நடுத்தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையை நாலாக மடித்து, சிவப்பு சேரின்மேல் வைத்தார். அதன்மேல் வேட்டியை வைத்தார், அதன்மேல் துண்டை.

சாயங்காலம் பீரோவைப் பார்க்க மேளக்காரரும் தையல்கார ஜெசிந்தாவும் அந்தக் கிழவியும் வந்தார்கள். கிழவிக்கு முட்டுவலி, தரையில் உட்கார முடியாது.

"ஏங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள் பிரமசக்தி, "அந்தச் சேரக் கொண்டாங்க."

ஆறுமுகநயினார் பட்டுச்சட்டையைக் கொத்தாக அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.